கோழிக்கு வலித்தால் யாரிடம் சொல்லும்?

ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடையில் கூட்டம்.

"அண்ணே, ஒரு கிலோ போடுங்க!" என்கிறோம். கடைக்காரர் கூண்டுக்குள் கையை விடுகிறார். வெள்ளைக் கோழி ஒன்று வெளியே வருகிறது.

அந்தக் கோழிக்கு வயது என்ன தெரியுமா? சுமார் 40 நாள்! எடையோ இரண்டு கிலோ!

இந்த வயதில் நாட்டுக்கோழி இன்னும் தாயின் பின்னால் ஓடும் குஞ்சு.

இந்தப் பிராய்லர் கோழி பண்ணையில் சுகமாக இருந்ததா? துன்பப்பட்டதா? வாய் இல்லாத ஜீவன். அது எப்படிச் சொல்லும்?

ஆனால், அதையும் சொல்ல வைத்துவிட்டார்கள்! இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்று ஒரு நகரம். அங்கே உள்ள பல்கலைக்கழக விஞ்ஞானிகள்தான் அதைச் செய்தவர்கள்.

நடைக்கு மார்க்!

பரீட்சையில் பையன்களுக்கு மார்க் போடுகிறோம் அல்லவா? அவர்கள் கோழியின் நடைக்கு மார்க் போட்டார்கள்.

நன்றாக நடந்தால் சைபர். (இங்கே சைபர்தான் முதல் வகுப்பு!) லேசாகத் தள்ளாடினால் 1 அல்லது 2. நொண்டுவது பளிச்சென்று தெரிந்தால் 3. எழவே சிரமப்பட்டு, இரண்டு அடி வைத்ததும் உட்கார்ந்துவிட்டால் 4. நடக்கவே முடியாவிட்டால் 5.

1992-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. 100 கோழிக்கு 90 கோழியின் நடையில் ஏதாவது ஒரு குறை! 26 கோழி 3 மார்க்கும் அதற்கு மேலும் வாங்கின.

ஏன் இப்படி?

கோழி சீக்கிரம் வளர வேண்டும். அதற்காக, வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனம் பெருக்கினார்கள்.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் பழைய கோழி ரகங்களை மாறாமல் பாதுகாத்து வந்தது. 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் ரகங்களை ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது. 56-வது நாளில் எடை என்ன?

1957 ரகம்: 905 கிராம்.

1978 ரகம்: 1,808 கிராம்.

2005 ரகம்: 4,202 கிராம்!

நாலரை மடங்குக்கு மேல்! உடம்பு பெரிய கோழி உடம்பு. அதைத் தாங்கும் காலோ பிஞ்சுக் கால். நொண்டாமல் என்ன செய்யும்?

இரண்டு நிறத் தீனி

"நொண்டுகிறது, சரி. ஆனால் வலிக்கிறதா?" என்று கேட்டார்கள் சிலர். நியாயமான கேள்விதான். நடை கோணலாக இருந்தால் வலி இருந்தே தீர வேண்டும் என்பது இல்லை.

பிரிஸ்டல் விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். இரண்டு நிறங்களில் தீனி தயாரித்தார்கள். ஒன்று வெறும் தீனி. மற்றதில் வலியைப் போக்கும் மருந்து. இரண்டையும் தின்று கோழிகள் பழகின. பிறகு இரண்டையும் ஒன்றாக வைத்து, "உனக்கு வேண்டியதைத் தின்னு" என்று விட்டுவிட்டார்கள்.

என்ன நடந்தது? நல்ல கோழிகளைவிட, நொண்டிய கோழிகள் மருந்துத் தீனியை அதிகம் தின்றன. நொண்டல் கூடக் கூட, மருந்துத் தீனியின் பங்கும் கூடியது!

2000-ம் ஆண்டு இந்த முடிவு வெளியாயிற்று. "எனக்கு வலிக்கிறது" என்று கோழி தன் அலகாலேயே சாட்சி சொல்லிவிட்டது.

கொட்டகைக்குள் சோதனை

பண்ணையைச் சோதிக்க வருகிறவர் எதைப் பார்ப்பார்?

முதலில் மூக்கு வேலை செய்யும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால், தரையில் பரப்பிய மரத்தூள் ஈரமாகிக் கெட்டுவிட்டது என்று பொருள்.

அடுத்தது கண். கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் வெக்கை. ஒன்றோடு ஒன்று ஒண்டிக் கிடந்தால் குளிர்.

பிறகு கை. ஒரு கோழியைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார். ஈரத் தரையில் நின்ற காலில் கறுத்த புண் இருக்கும். கோழி அறுக்கும் இடத்திலும் கால்களைப் பார்ப்பது உண்டு. செத்த கோழியின் காலும் பண்ணையின் கதையைச் சொல்லும்!

ஐரோப்பிய யூனியன் 2007-ல் இதற்குச் சட்டமே செய்தது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் மொத்தம் 33 கிலோ எடைக் கோழிதான் இருக்கலாம். கூடுதல் வசதிகள் செய்தால் 42 கிலோ வரை போகலாம். தூங்குவதற்கு, நாளில் குறைந்தது 6 மணி நேரம் இருட்டும் வேண்டும்.

நோய் தீர்ந்ததா?

2008-ல் பிரிஸ்டல் விஞ்ஞானிகள் இன்னொரு கணக்கு வெளியிட்டார்கள். 51,000 கோழிகளின் நடையைப் பார்த்திருந்தார்கள். 100-க்கு 27.6 கோழி மோசமாக நொண்டின. 16 ஆண்டு கழித்தும் நிலைமை மாறவில்லை!

மருந்து என்ன என்பதும் தெரிந்தது. நெருக்கம் குறைந்து, இருட்டு நேரம் கூடிய பண்ணைகளில் நடை மேலாக இருந்தது. மெல்ல வளரும் ரகங்களும் நன்றாக நடக்கின்றன. ஆனால், மெல்ல வளர்ந்தால் தீனிச் செலவு கூடும். கறி விலையும் ஏறும். சிக்கல் அங்கேதான்!

நம் ஊரில்?

நம் பல்லடம் வட்டாரம் கறிக்கோழிக்குப் பெயர் பெற்றது. அங்கே கம்பெனி குஞ்சும் தீனியும் கொடுக்கும். விவசாயி வளர்த்துக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். கொட்டகையின் பக்கங்களில் கம்பி வலை. காற்று வரும். ஆனால் கோழி அதே வேக ரகம்தான்.

நடைக்கு மார்க் போட எந்திரம் வேண்டாம். கண்ணும் மூக்கும் கையும் போதும். நொண்டும் கோழி தீனிக்கும் தண்ணீருக்கும் போக முடியாமல் இளைக்கும், சாகும். அது வளர்க்கிறவருக்கும் நஷ்டம்தானே?

கோழி தின்பதும் தின்னாததும் அவரவர் விருப்பம். ஆனால், அதன் வாழ்வே 40 நாள்தான். அந்த 40 நாளாவது அது வலி இல்லாமல் தன் காலில் நிற்க வேண்டாமா?