நிலை வட்டி முடிந்த பின்



வீடு கட்டக் கடன் வாங்கும் குடும்பம் தன் பத்திரத்தை வங்கியில் ஈடாக வைக்கின்றது. சில கடன்களில் முதல் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு வட்டி மாறாது. அது நிலை வட்டி. அக்கெடு கழிந்ததும் அதுவே மாறும் வட்டியாகின்றது. அந்நாளில் குடும்பத்தின் முன் நிற்கும் வழிகள் யாவை? அவற்றுள் எளிதாகத் தோன்றும் வழியே பெருஞ்செலவுடையது என்பதை இன்று கணக்கைக் கொண்டே காட்ட விரும்புகின்றேன். பல்லாண்டுகள் கரும்பலகையில் கூட்டுவட்டி கற்பித்தவனுக்கு இதனினும் பயனுள்ள பாடம் வேறில்லை.

வட்டி ஏன் மாறுகின்றது? ரிசர்வ் வங்கி ஏனைய வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வீதத்திற்கு ரெப்போ வீதம் என்று பெயர். 2019 அக்டோபர் முதல், வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் இது போன்ற புற அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்படுகின்றன. 2022 மே மாதத் தொடக்கத்தில் நூற்றுக்கு 4 ஆக இருந்த ரெப்போ வீதம், 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. ஓராண்டிற்குள் இரண்டரை ஏற்றம்!

இவ்வேற்றத்தை ஒரு குடும்பக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். நிலை வட்டி முடியும் நாளில் மீதி அசல் 20 இலட்சம் ரூபாய். எஞ்சிய காலம் 15 ஆண்டு. வட்டி நூற்றுக்கு 7. மாதத் தவணை ஏறத்தாழ 17,977 ரூபாய். தந்தையாருக்கு வயது 45 எனக் கொள்வோம். அறுபதாம் வயதில் கடன் தீரும். இப்போது வட்டி ஒன்பதரை ஆகின்றது.

முதல் வழி, தவணையை உயர்த்துவது. மாதம் ஏறத்தாழ 20,884 ரூபாய் கட்ட வேண்டும். சுமை 2,900 ரூபாய்க்கு மேல் கூடினும், கடன் குறித்த காலத்தில் தீர்ந்துவிடும்.

இரண்டாம் வழி, தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டுவது. கையிலிருந்து கூடுதலாக ஒரு காசும் போகாது. ஆகவே பலர் இதனையே விரும்புவர். ஆயின் 15 ஆண்டு ஏறத்தாழ இருபத்திரண்டரை ஆண்டாகின்றது! முதல் வழியில் செலுத்தும் மொத்தம் ஏறத்தாழ 37.6 இலட்சம், இவ்வழியிலோ 48.5 இலட்சம். கடன் தீரும்போது தந்தையாருக்கு வயது 67. ஓய்வுபெற்ற பின்னர் அத்தவணையைக் கட்டப்போவது யார்? நீங்களே அன்றோ!

வட்டி 10.8 ஆக உயருமாயின், முதல் மாத வட்டியே 18,000 ரூபாய். பழைய தவணை வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்கு மாறாக வளரும். காலத்தை நீட்டுவதால் இந்நிலை நேரலாகாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஆணையிட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துதல், காலத்தை நீட்டுதல், இரண்டையும் கலந்து ஏற்றல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் அவ்வாணை கடனாளிக்கு அளித்தது.

மூன்றாம் வழி, அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே அடைப்பது. சேமிப்பிலிருந்து 2 இலட்சத்தைக் கட்டிவிட்டுப் பழைய தவணையையே தொடர்ந்தால், ஒன்பதரை வட்டியிலும் கடன் 16 ஆண்டு 8 மாதத்தில் தீரும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் தண்டம் பெறலாகாது என்பது 2012 முதல் உள்ள விதி. நிலை வட்டிக் காலத்தில் தண்டம் இருக்கக்கூடும். ஆகவே கெடு முடிந்த மறுநாளே இதற்கு ஏற்ற நாள்.

நான்காம் வழி, குறைந்த வட்டி கேட்கும் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது. பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், ஈட்டைப் பதிவு செய்யும் செலவு ஆகியவற்றைக் கூட்டி, வட்டியில் மிஞ்சும் தொகையிலிருந்து கழித்துப் பார்த்தே துணிதல் வேண்டும். மீண்டும் நிலை வட்டிக்கு மாறும் வாய்ப்பினைத் தம் வங்கி தருகின்றதா என்றும் கேட்டறியலாம். அது பெரும்பாலும் சற்று உயர்ந்த வட்டியாகவே இருக்கும்.

வங்கியிலிருந்து வரும் கடிதத்தில் தவணைத் தொகையை மட்டும் பார்த்து மன அமைதி கொள்வது நம்மவர் வழக்கம். மாணவர்களே, அடுத்த முறை அக்கடிதம் உங்கள் இல்லத்திற்கு வரும்போது, எஞ்சியுள்ள தவணைகள் எத்தனை என்னும் எண்ணைத் தேடிப் படியுங்கள். சென்ற ஆண்டின் எண்ணோடு அதனை ஒப்பிட்டுப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். கணக்குப் படித்த பிள்ளை வீட்டிற்குச் செய்யக்கூடிய உதவி அது.