வந்தவரும் இருந்தவரும் – 9: விறகுக்குச் சோளம்

உகாண்டாவில் அகதிக்குக் காணி ஒதுக்கும் கதையைப் போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கென்யாவின் காக்குமா முகாமில் கைபேசிக்கு வரும் ரேஷன் பணத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன், விறகு வந்து வழியை மறித்துவிட்டது.

காக்குமா இருப்பது வடமேற்குக் கென்யாவில், துர்கானா மக்களின் மேய்ச்சல் பூமியில். சூடான் போருக்குத் தப்பி நடந்தே வந்த சிறுவர்களுக்காக 1992-ல் தொடங்கிய முகாம். பிறகு சோமாலியர், எத்தியோப்பியர், காங்கோக்காரர் என்று சேர்ந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

உள்ளே தானியம் உண்டு, அதை வேகவைக்க விறகு போதாது. அமைப்புகள் கொடுக்கும் விறகு மாதக்கடைசி வரை வராது. அகதிகள் வெளியே போய் வெட்டினால் வம்பு. அந்த மரங்கள் துர்கானாக்காரர்களுடையவை. அவர்களுக்கோ வறட்சியில் ஆடு செத்தால் உலையில் போட ஒன்றுமில்லை. ஆகவே துர்கானாப் பெண்கள் விறகும் கரியும் சுமந்து முகாமுக்குள் வருகிறார்கள். பல நேரம் காசு கைமாறுவதே இல்லை. விறகை இறக்கிவிட்டுச் சோளத்தையோ மக்காச்சோளத்தையோ வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இதில்தான் நான் சொக்கிப்போனேன். உலக உணவுத் திட்டம் ஓர் அகதிக்கென்று அளந்த தானியம், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இன்னொரு வீட்டிலும் கொதிக்கிறது. அந்த வீட்டை வாழவைப்பது யாருடைய தாராளமும் அல்ல, 'நீ மரம் வெட்டக்கூடாது' என்ற தடைதான்! ரேஷனை வெட்டினால் (2025-ல் நிதியில்லாமல் கடுமையாகவே வெட்டினார்கள்) விறகுக்காரியின் பானையும் சேர்ந்து காயும்.

மாட்டுக்கும் இதே கதை. சூடானிலிருந்து வந்தவர்களில், மாடே உயிர் என்று வாழ்ந்த டிங்கா மக்கள் இங்கே மந்தை வைத்துக்கொள்ள முடியாது. இருக்கிற புல் துர்கானா கால்நடைக்கே பற்றாது. கறி வேண்டுமானால் துர்கானாக்காரரின் ஆட்டைத்தான் வாங்க வேண்டும்.

அகதிகள் ரேஷனை விற்றுச் சர்க்கரை வாங்குகிறார்களே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ராகுல் ஓக்கா என்ற மானிடவியலாளர் 2014-ல் அதற்குப் பதில் எழுதினார்: முடிவில்லாமல் காத்திருப்பவர்களுக்கு மானத்தோடு வாழ்வதும் ஒரு தேவை. வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுக்க முடியாத வாழ்க்கையை நாம் மட்டும் ஏற்போமா?

உலக வங்கியும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, அகதிகள் வந்ததால் துர்கானா வட்டாரத்தின் மொத்த உற்பத்தி 3 சதவீதத்துக்கு மேல் கூடியதாகக் கணக்கிட்டது. நல்ல சேதிதான். ஆனால் அந்த 3-ல் விறகுக்காரியின் பங்கு எவ்வளவு என்று சதவீதம் சொல்லாது.

இடம் முடிகிறது, கைபேசிக்கு வரவில்லை. 2015-ல் ரேஷனில் ஒரு பகுதியைத் தானியமாகத் தராமல் 'பாம்பா சாகுலா' என்ற பெயரில் சிம் கார்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒப்பந்தக் கடைகளில் உணவு வாங்க மட்டுமே அது செல்லுபடியானது. அப்படியானால் வாசலில் கட்டை இறக்கி நிற்கும் பெண்ணுக்கு எதை அளந்து கொடுப்பது? அடுத்த வாரம் அங்கிருந்து.