கோழிக்குப் போட்ட சொட்டு நம்ம கண்ணுல பட்டா?

மெட்ராஸ் ஐ நமக்கு புதுசு இல்ல. 2022 நவம்பர்ல தமிழ்நாடு முழுக்க பரவினப்போ எங்க பார்த்தாலும் கூலிங் கிளாஸ்தான். அதுக்கு பெரும்பாலும் காரணம் அடினோவைரஸ். மனுஷங்ககிட்டேருந்து மனுஷங்களுக்கு, கை வழியா, துண்டு வழியா வரும். ஆனா கோழிகிட்டேருந்தும் கண் சிவக்கும், தெரியுமா?

அரியலூர் மாவட்டம் தா.பழூர் பக்கம் உங்க அப்பாயி நாட்டுக்கோழி வளர்க்குறாங்கன்னு வைங்க. அவங்களுக்கு பெரிய பயம் வெள்ளைக்கழிச்சல். புத்தகத்துல இதுக்கு ராணிக்கெட் நோய்னு பேரு. 1920-கள்ல இமயமலை ஊரான ராணிக்கெட்ல கண்டுபிடிச்சதால வந்த பேரு. வந்தா கூண்டே காலியாகிடும். அதனால குஞ்சு பொரிச்ச முதல் வாரத்துலேயே கண்ணுலயோ மூக்குலயோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு விடுவாங்க.

அந்தச் சொட்டுல இருக்கிறது வீரியம் குறைச்ச, ஆனா உயிரோட இருக்கிற வைரஸ். குஞ்சு தலையை உதறும்போது தெறிச்சாலோ, ஈரக் கையால நாம கண்ணைக் கசக்கினாலோ, ஓரிரு நாள்ல கண் சிவந்து, நீர் வடிஞ்சு, இமை வீங்கலாம். நோய் வந்த கோழியைத் தொட்டு அறுக்கிறவங்களுக்கும் இது வரலாம். மனுஷக் கண்ணுல இந்த வைரஸ் வந்ததை 1943-லேயே ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட் எழுதிட்டார். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்ல தானா சரியாகிடும்.

அப்போ எதுக்கு இவ்வளவு பேச்சு? எல்லா கோழி வைரஸும் இப்படி சாது இல்ல. 2003-ல நெதர்லாந்துல பறவைக் காய்ச்சல் வந்தப்போ தொற்று உறுதியான 89 பேர்ல 78 பேருக்கு கண்தான் சிவந்துச்சு. ஆனா ஒரு கால்நடை மருத்துவர் இறந்தே போனார். அதனால கண் சிவந்து டாக்டர்கிட்ட போனா, "வீட்டுல கோழி செத்துச்சு", "மருந்து போட்டேன்"னு மறக்காம சொல்லணும். கேட்டாத்தான் சொல்லுவேன்னு இருக்கக் கூடாது.

இன்னொண்ணு. மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீங்க. சிவப்பு சட்டுனு குறையும்; ஆனா உள்ள இருக்கிறது ஹெர்பிஸ் வைரஸா இருந்தா கருவிழியே புண்ணாகி பார்வை போகலாம். தாய்ப்பால் விடுறதும் வேணாம். வலி, வெளிச்சம் பார்த்தா கூச்சம், பார்வை மங்கல், இதுல எது இருந்தாலும் அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க.

அடுத்த தடவை ஊருக்கு போன் பண்ணும்போது அப்பாயிகிட்ட இதைச் சொல்லுங்க: மருந்து போடுறதை நிறுத்த வேணாம். போடும்போது ஒரு கண்ணாடி மாட்டிக்கட்டும், போட்டதும் சோப்பு போட்டு கை கழுவட்டும், அதுவரைக்கும் கண்ணைத் தொடாம இருக்கட்டும். அவ்வளவுதான்!