தொழிலுக்குப் பால் உண்டோ?

தொழிற்பெயர் பால் காட்டாது என்பது இலக்கணம் பயில்வோர் அனைவரும் அறிந்ததே. ‘கட்டுதல்’ என்பது ஆணுமன்று, பெண்ணுமன்று; கட்டியவன், கட்டியவள் என வினையாலணையும் பெயராகும்போதே பால் தோன்றுகிறது. இலக்கணம் இங்ஙனமிருக்க, உலக வழக்கிலோ தொழிலுக்கே பால் கற்பித்துவிடுகின்றனர். பொறியியல் ஆணுக்கு, ஆசிரியப் பணி பெண்ணுக்கு என்று வீட்டில் வழங்கும் பேச்சே, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மாணவர் எழுதும் துறையைப் பெரிதும் முடிவு செய்கிறது.

இப்பாகுபாடு இயற்கையில் அமைந்ததா? கணினித் துறையை நோக்குவோம். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டளவில் கணினியியற் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு 37 பேர் பெண்கள். 2010ஆம் ஆண்டளவில் அத்தொகை இருபதுக்கும் கீழே இறங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் பெண்ணின் அறிவு குறைந்துவிடவில்லை. வீட்டுக்கு வந்த கணினி சிறுவரின் விளையாட்டுப் பொருளாக விளம்பரம் பெற்றதே ஒரு காரணம் என்பர்.

மலேசியாவிலோ நிலைமை வேறு. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணினி பயில்வோருள் பெண்களுக்குக் குறைவில்லை என்று மஸ்லிசா ஒத்மானும் ரொட்சியா லத்தியும் 2006இல் எழுதினர். நார்வே நாட்டு அறிஞர் விவியன் லாகெசன் அங்கு வந்து ஆராய்ந்து, 2008இல் காரணத்தை விளக்கினார். கணினி வேலை கூரையின்கீழ் அமர்ந்து செய்வது. உடல் வலிமை வேண்டாதது. ஆதலின் பெண்ணுக்கு ஏற்றது என்று மாணவியர் கருதினர். வெயிலில் நிற்கும் கட்டுமானப் பொறியியலோ ஆணுக்குரியதாகத் தோன்றிற்று.

ஒரே தொழில் ஒரு நாட்டில் ஆண்பால், மற்றொரு நாட்டில் பெண்பால்! ஆயின், மலேசியப் பெண்ணுக்குக் கணினிக் கதவைத் திறந்த அதே எண்ணம், கட்டுமானத் துறையின் கதவை அடைத்துவிட்டது என்பதையும் மறத்தலாகாது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, மழைக்கும் அட்டைக்கும் அஞ்சாது பால்மரம் வெட்டிய பாட்டிமாரின் பேத்தியரிடமே, வெளிவேலை பெண்ணுக்கு ஆகாது என்று கூறுகின்றனர். செவிலியர் பணியை விரும்பும் ஆண்மகனும் அவ்வாறே நகைப்புக்கு ஆளாகிறான்.

பிரிக்பீல்ட்ஸிலாயினும் கிள்ளானிலாயினும், துறை தேர மாணவர் ஆலோசனை நாடுமிடத்து, “இது யாருக்கு ஏற்ற வேலை?” என்னும் வினாவை ஆசிரியர் ஒதுக்குதல் வேண்டும். “இவ்வேலையில் நாள்தோறும் செய்வது என்ன? அதனை நீ விரும்புகின்றாயா?” என்று வினவுதல் வேண்டும். தொழிலை அறிந்தபின் மாணவர் தாமே தெரிந்துகொள்வர்.