காரின் சப்வூஃபர்: ஒலிக்குறைவும் இரைச்சலும்

சப்வூஃபர் என்பது ஏறத்தாழ 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ் அதிர்வெண்களுக்கென்றே செய்யப்பட்ட பெரிய ஒலிபெருக்கி. கார்களில் இதன் எல்லை பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ் அளவிலேயே நிறுத்தப்படுகிறது. பேஸ் கிட்டார், கிக் டிரம், தவிலின் தொப்பிப் பக்கம் ஆகியவற்றின் அடியொலி இந்தப் பகுதியில் வருகிறது. கதவுகளில் உள்ள சிறிய ஸ்பீக்கர்களால் இவற்றை முழுமையாக ஒலிக்க முடியாததால், தனியாக ஒரு பெட்டியும் அதற்கென ஒரு ஆம்ப்ளிஃபயரும் டிக்கியில் பொருத்தப்படுகின்றன.

பொருத்திய சில நாட்களிலோ சில ஆண்டுகளிலோ "பேஸ் வரவில்லை", "ஏதோ இரைகிறது" என்ற குறைகள் எழும். கடைக்குப் போனால் பெரும்பாலும் இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கும்படி சொல்வார்கள். வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர், ஒரு பேட்டரி செல், 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி பதிந்த ஒரு கைப்பேசி ஆகியவற்றைக் கொண்டு வீட்டு வாசலிலேயே பெரும்பாலான பழுதுகளைக் கண்டுபிடித்துவிடலாம். இக்கட்டுரை, டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் ஒன்றும் 500 வாட் மோனோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் உள்ள சாதாரண அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

குறைவு எவ்வளவு என்பதே முதல் தடயம்

நம் காது ஒலியின் திறனை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஆம்ப்ளிஃபயரின் திறன் பாதியானால் ஒலி மட்டம் 3 டெசிபெல்தான் குறையும். அதைக் கவனித்துக் கேட்டால்தான் தெரியும். இதன் மறுபக்கமும் உண்மை: 500 வாட்டை 1000 வாட்டாக மாற்றினாலும் கிடைப்பது அதே 3 டெசிபெல்தான். ஆகவே பேஸ் சற்றே மந்தமாக இருந்தால் மின் இணைப்பைச் சந்தேகிக்கலாம். பேஸ் ஏறக்குறைய காணாமலே போயிருந்தால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிர்க்கட்டம், தவறான வடிகட்டி அமைப்பு, காற்றுக் கசிவு ஆகிய மூன்றில் ஒன்றாக அது இருக்கவே வாய்ப்பு அதிகம். இவற்றைச் சரிசெய்யச் செலவு அநேகமாக எதுவும் இல்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். குறைந்த ஒலியளவில் மனிதக் காது தாழ் அதிர்வெண்களை மிகக் குறைவாகவே உணர்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட சமஒலிப்பு வளைகோடுகள் இதைத்தான் காட்டின. மெதுவாக வைத்துக் கேட்கும்போது மட்டும் பேஸ் குறைவாகத் தெரிந்தால் அது பழுதன்று. அதுபோலவே ஓடும் காரில் டயரும் எஞ்சினும் எழுப்பும் உறுமல் பெரும்பாலும் தாழ் அதிர்வெண்களிலேயே இருப்பதால், நின்றிருக்கும்போது நிறைவாக இருந்த பேஸ் நெடுஞ்சாலையில் அமுங்கிப்போகும். சன்னலைத் திறந்தாலும் குறையும், ஏனெனில் மூடிய அறைக்குள் உருவாகும் அழுத்தம் வெளியேறிவிடுகிறது.

எதிர்க்கட்டம்

இரண்டு அலைகள் ஒரே நேரத்தில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அசைந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று பள்ளியில் படிக்கிறோம். அந்தப் பாடம் டிக்கிக்குள் நேரடியாக நடக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். ஒரு சிறிய காரின் நீளமே 4 மீட்டர்தான். எனவே அருகருகே உள்ள இரண்டு சப்வூஃபர்களில் ஒன்றின் கூட்டல், கழித்தல் கம்பிகள் மாறியிருந்தால், ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்துக்கொள்ளும். இரண்டும் பலமாக ஆடுவது கண்ணுக்குத் தெரியும், பேஸ் மட்டும் காதுக்கு வராது. வாடிக்கையாளரைக் குழப்பும் பழுதுகளில் முதலிடம் இதற்குத்தான்.

ஒரே சப்வூஃபரிலும் இது நிகழலாம். பல சப்வூஃபர்களில் ஒரே கூம்பின் பின்னால் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். அவற்றில் ஒன்று மாற்றி இணைக்கப்பட்டிருந்தால் இரு காந்த விசைகளும் எதிரெதிராகச் செயல்பட்டு, கூம்பு அசையாமலே சுருள்கள் சூடேறும்.

சோதனை எளிது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து கம்பிகளைக் கழற்றிவிட்டு, 9 வோல்ட் செல் ஒன்றின் நேர்முனையைக் கூட்டல் கம்பியிலும் எதிர்முனையைக் கழித்தல் கம்பியிலும் ஒரு கணம் மட்டும் தொட வேண்டும். கூம்பு வெளிநோக்கி நகர்ந்தால் இணைப்பு சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. 1.5 வோல்ட் செல்லிலும் செய்யலாம், ஆனால் 12 அங்குலக் கூம்பின் அசைவு மிகச் சிறிதாக இருக்கும் என்பதால் விரலை மெல்ல வைத்து உணர வேண்டும்.

சப்வூஃபருக்கும் கதவு ஸ்பீக்கர்களுக்கும் இடையிலும் கட்டம் ஒத்துப்போக வேண்டும். தூரங்கள் வேறுபடுவதால் இதைக் கணக்கிட்டு அறிவதைவிடக் கேட்டு அறிவதே நல்லது. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க, மற்றொருவர் ஆம்ப்ளிஃபயரின் கட்ட விசையை 0-க்கும் 180-க்கும் மாற்றிப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் பேஸ் அதிகமோ அதுவே சரியான நிலை.

வடிகட்டிகளும் பெட்டியும்

ஸ்டீரியோவிலும் ஆம்ப்ளிஃபயரிலும் தனித்தனி லோ-பாஸ் வடிகட்டிகள் இருக்கும். இரண்டையும் 50 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் ஒலி இருமுறை வெட்டப்படும். ஒன்றை 80-இல் வைத்து மற்றதை நிறுத்திவிடுவது நல்லது. மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் சப்சானிக் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். அது தவறுதலாக 50-க்கு ஏறியிருந்து, லோ-பாஸ் 60-இல் இருந்தால், இடையில் மிஞ்சுவது ஒரு சிறு சந்துதான். ஸ்டீரியோவின் பட்டியலில் சப்வூஃபர் மட்டம் குறைத்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு.

மூடிய பெட்டியில் விளிம்பு ஒட்டு விட்டுப்போனாலோ, முனைப்பலகையைச் சுற்றி இடைவெளி இருந்தாலோ காற்று சீறி வெளியேறும். கூம்பை இரு கைகளாலும் சமமாக மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டால் கசியும் இடம் தெரியும். துளையுள்ள பெட்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

எர்த் இணைப்பு

500 வாட் தரும் டி-வகை ஆம்ப்ளிஃபயர் 80 விழுக்காடு பயனுறுதிறன் கொண்டது எனக் கொண்டால், அது பேட்டரியிலிருந்து 625 வாட் எடுக்க வேண்டும். 13.8 வோல்ட்டில் இது சுமார் 45 ஆம்பியர். பாட்டு முழுவதும் இவ்வளவு ஓடாது. ஒவ்வொரு டிரம் அடியிலும் ஓடும். இந்த மின்னோட்டம் முழுவதும் காரின் உலோக உடல் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. பெயின்ட்டின் மேலேயே திருகி வைத்த எர்த் முனையில் வெறும் 0.05 ஓம் மின்தடை இருந்தாலும், ஓம் விதிப்படி 45 × 0.05 = 2.25 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த ஒரு திருகில் 100 வாட் வெப்பம் உருவாகும். சாதாரண சாலிடரிங் அயர்னைவிட இது பல மடங்கு அதிகம். பக்கத்தில் இருப்பதோ டிக்கியின் விரிப்பு.

இந்த 0.05 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் தேடிப் பயனில்லை. மீட்டரின் கம்பிகளின் மின்தடையே அதைவிட அதிகம் என்பதால் "எல்லாம் சரி" என்றே காட்டும். மின்னழுத்த இழப்பை அளப்பதே முறை. எஞ்சினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சில நொடிகள் மட்டும் பலமாக ஒலிக்கச் செய்து, பேட்டரியின் எதிர்முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையே நேர்மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 0.1 அல்லது 0.2 வோல்ட் என்றால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் அந்தத் திருகைக் கழற்றி, உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, வெற்று உலோகத்தின் மேல் இறுக்கிவிட்டுத் துரு ஏறாமல் மேலே பூசிவிட வேண்டும். இதே சோதனையை நேர்முனைக் கம்பிக்கும் செய்யலாம்.

கம்பியையும் பார்க்க வேண்டும். மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பின் கடத்துதிறனில் 60 விழுக்காட்டை ஒட்டியதே என்பதால், இதைப் பயன்படுத்துவோர் ஓரிரு அளவு தடிமனான கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இல்லாத காரில் வேறு எதையும் சரிபார்ப்பதற்கு முன் அதைப் பொருத்த வேண்டும். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அன்று, கம்பி தீப்பற்றாமல் காரையும் அதில் இருப்பவர்களையும். இந்த வேலைகளின்போது பேட்டரியின் எதிர்முனை கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

அடிக்கு அடி முகப்பு விளக்கு மங்கினால் கெப்பாசிட்டர் போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது தரும் ஆற்றல் 26 ஜூல். 625 வாட் கேட்கும் ஆம்ப்ளிஃபயருக்கு இது 0.04 நொடிக்குத்தான் போதும். நல்ல கம்பியும் நலமான பேட்டரியும் அதைவிட நெடுநேரம் உதவும்.

இரைச்சலின் வகைகள்

எஞ்சினின் வேகத்தோடு சுருதி ஏறும் "ஊஊ" என்ற ஒலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்யப்பட்டு, அவ்விடங்களுக்கிடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால், ஆர்.சி.ஏ. கேபிளின் உறை வழியே தேவையற்ற மின்னோட்டம் ஓடி இந்த இரைச்சலை உண்டாக்குகிறது. இது உயர் அதிர்வெண் ஒலி என்பதால் வழக்கமாகக் கதவு ஸ்பீக்கர்களில்தான் கேட்கும். சப்வூஃபரிலேயே கேட்டால் லோ-பாஸ் வடிகட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆர்.சி.ஏ. கேபிளை ஆம்ப்ளிஃபயர் பக்கம் கழற்றி மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றால் அது கேபிள் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் மின் இணைப்பிலோ அதனுள்ளோ கோளாறு. இயங்கும்போது கேபிளைப் பிடுங்கக் கூடாது.

கடகடவென்ற ஒலி பெரும்பாலும் சப்வூஃபரிலிருந்தே வருவதில்லை. நம்பர் பிளேட், டிக்கிக் கதவு, பின்தட்டு, ஜாக்கி, ஸ்பேனர் பை ஆகியவை கூடவே அதிர்கின்றன. 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை வைத்து, ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தால் பிடிபடும். நம்பர் பிளேட்டின் பின்னால் ஒட்டும் நுரைப்பட்டை ஒன்றே பல கார்களை அமைதியாக்கும்.

கூம்பை மெல்ல அழுத்தும்போது மணல் உரசுவதுபோல் கேட்டால் சுருள் காந்த இடைவெளியில் உராய்கிறது. பழைய சப்வூஃபர்களில் கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்து, "பர்ர்" என்ற ஒலி தரும்.

கெயின் திருகு

இதை ஒலியளவுக் குமிழ் என்று நினைப்பவர்களே அதிகம். ஸ்டீரியோ தரும் மின்னழுத்தத்துக்கும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுக்கும் பொருத்தம் செய்வதே அதன் வேலை. அளவுக்கு மீறித் திருகினால் அலையின் உச்சிகள் வெட்டப்பட்டுச் சதுரமாகும். ஒரே உச்ச மின்னழுத்தமுள்ள சதுர அலை, சைன் அலையைப்போல் இரு மடங்கு திறனைச் சுருளில் வெப்பமாக இறக்குகிறது. கெயினைச் சரியாக வைக்க, சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் தொனிச் சரிப்பாடுகளைச் சுழியாக்கி, ஒலியளவை முக்கால் பங்குக்கு ஏற்றி, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, வெளியீட்டில் மாறுமின்னழுத்தத்தை அளக்க வேண்டும். தேவையான மதிப்பு, திறனை மின்தடையால் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம். சப்வூஃபர் 300 வாட் ஆர்.எம்.எஸ்., 4 ஓம் என்றால் 1200-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 34.6 வோல்ட். திருகை அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். இங்கே கணக்கில் கொள்ள வேண்டியது ஆர்.எம்.எஸ். மதிப்பையே, அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்சத் திறனை அன்று.

கடைசியாகத்தான் சப்வூஃபரையே சந்தேகிக்க வேண்டும். கம்பிகளைக் கழற்றி ஓம் அளவில் பார்த்தால், 4 ஓம் சுருள் 3.2 முதல் 3.8 வரை காட்டும். சற்றுக் குறைவாக இருப்பது இயல்பே, ஏனெனில் 4 ஓம் என்பது மாறுமின்னோட்டத்துக்கான மதிப்பு. முடிவிலி காட்டினால் சுருளோ, அதற்குப் போகும் பின்னல் கம்பியோ அறுந்திருக்கிறது. 1 ஓமை ஒட்டிக் காட்டினால் சுருளின் சுற்றுகள் உருகி ஒட்டியிருக்கின்றன. அதை ஆம்ப்ளிஃபயரில் மீண்டும் இணைத்தால் அதுவும் போகும். பின்னல் கம்பி மட்டும் அறுந்திருந்தால் சாலிடர் செய்து காப்பாற்றலாம். சுருள் எரிந்திருந்தால் கூம்பும் சுருளும் சேர்த்து மாற்றித்தரும் கடைகள் உண்டு. காந்தமும் சட்டமும் பழையதே இருக்கும் என்பதால், விலையுயர்ந்த சப்வூஃபருக்கு மட்டுமே இந்தச் செலவு தகும்.