நடுத்தூணை எடுத்தால் பாரம் எங்கே போகும்?

கொழும்பு புறக்கோட்டையின் பழைய கடைவீடுகளில் கீழே கடை, மேலே குடியிருப்பு அல்லது சரக்கறை. பக்கச் சுவர்களில் ஊன்றிய மர உத்தரங்கள் மாடியைத் தாங்குகின்றன. அகலம் கூடிய இடத்தில் உத்தரத்தின் நடுவே தூண் கொடுத்திருப்பார்கள். கடையை விரிக்கவோ கூடத்தை ஒன்றாக்கவோ நினைப்பவர்களுக்கு இடைஞ்சலாக நிற்பது அந்தத் தூண்தான்.

மாடியின் எடை உத்தரத்தில் சீராகப் பரவியிருந்தால், அதில் பாதியோ அதற்கு மேலோ நடுத்தூண் வழியாகவே நிலத்துக்கு இறங்குகிறது. 3 மீற்றர் கொண்ட இரு இடைவெளிகள் தூண் போனதும் 6 மீற்றராகின்றன. தூணின் மேல் மூட்டி வைத்த உத்தரமாயின், ஒரே துண்டாக மாற்றினாலும் வளைக்கும் விசை நான்கு மடங்காகும். அதே கனத்தில் தொய்வு பதினாறு மடங்காகும். மேலே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வீட்டு மாடிக்குச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 150 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். 50 கிலோ அரிசி மூட்டை மூன்றை அடுக்கினாலே அந்த அளவு நிரம்பிவிடும்.

மர உத்தரத்தை வலுப்படுத்த இரு வழிகள் உண்டு. பக்கங்களில் உருக்குத் தகடு வைத்து போல்ட்டால் இறுக்குவது ஒன்று. அடியில் ஐ வடிவ உருக்கு உத்தரம் கொடுப்பது மற்றது. உருக்கு மரத்தை விடப் பதினைந்து மடங்குக்கு மேல் விறைப்பானது. ஆனால் கடற்காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் பூச்சு அவசியம். கறையான் அரித்த மரத்தில் போல்ட் பிடிக்காது. அதைத் தட்டிப் பார்த்து முதலில் மாற்ற வேண்டும்.

தொடர்ச்சியான கொங்கிறீட் உத்தரத்தில் சிக்கல் வேறு. தூணுக்கு நேரே இழுவிசை மேற்பக்கத்தில் இருப்பதால் பிரதான கம்பிகள் அங்கே மேலே கிடக்கும். தூண் போனதும் இழுவிசை அடிப்பக்கத்துக்கு மாறும். அங்கே போதிய கம்பி இராது. கார்பன் நார்ப்பட்டை ஒட்டினால் வலிமை கூடும், விறைப்பு அவ்வளவு கூடாது. எனவே உருக்கு உத்தரமோ, கம்பி கட்டிப் புதுக் கொங்கிறீட் உறையோ தேவைப்படும்.

உத்தரம் பலமானால் மட்டும் வேலை முடிவதில்லை. தூண் சுமந்த பாரம் இரு முனைகளுக்கும் போகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் ஒரே புள்ளியில் அதைத் தாங்காது நொறுங்கலாம். முனைக்கு அடியில் கொங்கிறீட் மெத்தை போட்டுப் பாரத்தைப் பரப்ப வேண்டும். தேவையானால் சுவரோரம் புதுத் தூணும் அத்திவாரமும் வேண்டும். பக்கத்துக் கடையின் உத்தரமும் ஊன்றிய பொதுச்சுவரானால் இரு வீட்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வேலையின் ஒழுங்கும் மாறக்கூடாது. மேலே சரக்கை இறக்கி, உத்தரத்தின் இரு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு உறுதியான தரையில் ஊன்ற வேண்டும். பலப்படுத்திய பின் புது உத்தரத்துக்கும் பழையதுக்கும் இடையிலுள்ள இடுக்கை இறுக்கமாக நிரப்பி, முட்டுகள் தாங்கி நிற்கும்போதே தூணை எடுத்து, முட்டுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தித் தொய்வை அளக்க வேண்டும். 6 மீற்றருக்குப் பொதுவான எல்லை சுமார் 17 மில்லிமீற்றர். அளவு நிலைத்த பிறகே முட்டுகளை முழுதாக எடுக்கலாம்.

2017 மே 18 அன்று வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டடம் ஒன்று இடிந்தபின் கொழும்பில் அனுமதியற்ற கட்டட வேலைகள் பற்றிய கேள்வி வலுத்தது. தாங்கும் தூணை அகற்றுவதும் கட்டமைப்பு மாற்றமே. பட்டயப் பொறியியலாளரின் கணக்கும் வரைபடமும் கொழும்பு மாநகர சபையின் அனுமதியும் கையில் வந்த பிறகே மேசன் முட்டுக் கொடுக்கத் தொடங்க வேண்டும்.