சோம்பல் என்று தள்ளிப்போடும் நோய்

இருபது வயதுப் பிள்ளை பகல் பன்னிரண்டு மணிவரை படுக்கையை விட்டு எழவில்லை என்றால், வீட்டில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: சோம்பல், ராத்திரி முழுக்க போன், இல்லையென்றால் திமிர். குளிக்கப் பிடிக்கவில்லை, உயிராக இருந்த கிரிக்கெட்டும் வேண்டியிருக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அரியர் ஏறிக்கொண்டே போகிறது. இவை பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயோ என்று சந்தேகிக்க வேண்டும் என்கிறது மருத்துவம். வீடுகளில் அந்தச் சந்தேகம் கடைசியாகத்தான் எழுகிறது. தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 85 பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் பக்கத்திலேயே அரசு மருத்துவமனை இருந்தும் போகாதவர்களைத் தடுப்பது, நோயைக் குணக்கேடாகப் பார்க்கும் பழக்கம். படிப்பும் வேலையும் உருவாகிற வயதில் அந்தப் பழக்கம் தின்கிற மாதங்களைத் திரும்பப் பெற முடியாது.

"மனசைத் திடப்படுத்திக்கோ" என்கிற அறிவுரையில் அன்பு இருக்கலாம், பயன் குறைவு. முயற்சி, கவனம், நாளை மேல் நம்பிக்கை ஆகியவற்றைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது. பறிபோனதையே மூலதனமாகக் கேட்டால் நோயாளிக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு வேறு வழியைக் காட்டியது. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய்க்குறிகள் தணிந்திருந்தன. அந்தச் சந்திப்புகள் இல்லாதவர்களில் 39 சதவீதம். மனநிலை சரியாகட்டும், பிறகு வேலை பார்க்கலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையிலிருந்து மனநிலையை மெல்ல இழுத்து வருவதுதான் அந்த ஆலோசனையின் முறை. "அதைத்தானே நாங்களும் சொன்னோம், எழுந்து ஏதாவது செய் என்று?" எனப் பெற்றோர் கேட்கலாம். வித்தியாசம் அளவில் இருக்கிறது. தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவது இந்த வார வேலையாக இருந்தால், அதைத் தீர்மானிப்பது அந்தப் பிள்ளையின் இன்றைய தெம்பு. முடியாமல் போனால் ஏச்சு கிடையாது; அடுத்த வாரம் வேலை இன்னும் சின்னதாகும்.

பேச்சு போதாத இடத்தில் மாத்திரை வரும். கூடவே "பழகிப்போய்விடும்" என்ற பயமும் வரும். மனச்சோர்வு மாத்திரைகள் தூக்க மாத்திரைகளைப் போல அடிமைப்படுத்துபவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும்; பலர் இரண்டாம் வாரத்திலேயே "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுவது அதனால்தான். குணமான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் குலைவு வரலாம் என்பதால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மெய்யான எச்சரிக்கை ஒன்று உண்டு. 25 வயதுக்குக் கீழ் உள்ள சிலருக்கு, மாத்திரை தொடங்கிய ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2007இல் எச்சரித்தது. அதற்காக மருந்தே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. அந்த வாரங்களில் மருத்துவரை அடிக்கடி பார்க்க வேண்டும், வீட்டில் ஒருவர் கூட இருக்க வேண்டும். "சாகணும்போல இருக்கா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் பதிவு செய்த 1,70,924 தற்கொலைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் 18 முதல் 30 வயதுக்குள் நடந்தவை. கேட்கத் தயங்குவதில்தான் ஆபத்து அதிகம்.

வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு மாத்திரை வேலை வாங்கித் தருமா என்பது கேலியாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. வாங்கித் தராது. கல்விக் கடனும் சாதி அவமதிப்பும் மருந்துச் சீட்டில் தீர்வதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பக்கூட முடியாதவரிடம், முதலில் சமூகம் மாறட்டும் என்று சொல்வது இரண்டாவது தண்டனை. காதல் தோல்வியில் நாலு நாள் அழுவதையும் நோய் என்கிறார்களே என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது; எத்தனை நாள் நீடிக்கிறது, அன்றாட வேலை எவ்வளவு முடங்குகிறது என்ற இரண்டு அளவுகோல்கள் அதற்காகத்தான் இருக்கின்றன.

வெளியே தெரிந்தால் கல்யாணம், வேலை என்னாகும் என்ற பயத்துக்குச் சட்டம் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவையில் சிகிச்சை பெறுவது உரிமை. சிகிச்சை விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 18 வயது நிறைந்தவர் மருத்துவரைப் பார்க்கப் பெற்றோரின் அனுமதி தேவையில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே சட்டம் கொள்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் இதே சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தருகின்றன. மனச்சோர்வோ பெரும்பாலும் வெளிநோயாளியாகவே குணமாகிறது. ஆகவே இந்த உரிமை காகிதத்தில் தெரியும் அளவுக்குக் கையில் வராது. நியாயமான கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

முதல் படிக்குப் பெரிய செலவு இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குப் போனால், தூக்கம், பசி, சாகும் எண்ணம் பற்றிக் கேட்பார்கள். தைராய்டு, ரத்தசோகை பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதலாம். அவையும் இதே சோர்வைத் தரக்கூடியவை. கல்லூரியில் படிப்பவர்கள் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் கல்லூரியில் அவர் யார், எந்த அறையில், எந்த நேரத்தில் இருப்பார் என்று முதல்வருக்கு எழுத்தில் கேட்கலாம்.